பத்து பித்தளை டோக்கன்

அப்பாவிடம் பத்து பித்தளை டோக்கன்கள் இருந்தன. பழைய எட்டணாவைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே ஒரு ஓட்டை. நடுவில் 217 என்று பஞ்ச் அடித்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அவர் டர்னர். 217 என்பது அவருடைய நம்பர்.

இந்த டோக்கனுக்கு ஒரே ஒரு வேலைதான். டூல் ஸ்டோரில் மைக்ரோமீட்டரோ, வெர்னியரோ, டயல் கேஜோ வாங்கும்போது ஒரு டோக்கனைக் கொடுக்க வேண்டும். ஸ்டோர்கீப்பர் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்து ஆணியில் டோக்கனை மாட்டிவிடுவார். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் திரும்பி வரும். எது யார் கையில் இருக்கிறது என்று தெரிய நோட்டைப் புரட்ட வேண்டாம், சுவரைப் பார்த்தால் போதும். உலகம் முழுக்க மிஷின் ஷாப்களில் இருந்த ஏற்பாடு இது. கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடாமல் பொரிந்து தள்ளினார். கூட வேலை செய்யும் சிநேகிதர் ஒருவர், தன் டோக்கனை வீட்டில் வைத்துவிட்டு வந்து, "உன்னுது ஒண்ணு குடுப்பா, சாயங்காலம் தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். அப்பா தரவில்லை. பத்து வருஷத்துச் சிநேகம் அன்றைக்குக் கொஞ்சம் விரிசல் கண்டது.

"ஒரு டோக்கன்தானேப்பா, கொடுத்திருந்தா என்ன?" என்று கேட்டேன்.

"அவன் மைக்ரோமீட்டரைக் கீழே போட்டா சுவத்துல யார் நம்பர் தொங்கும்?" என்றார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. நியாயம் புரிந்தது. ஆனால் மனசில் நிற்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

1960-களில் அரசாங்கம் ஆரம்பித்த எஸ்டேட் அது. பக்கத்தில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் டயர். ரயிலில் நாலு ஸ்டேஷன் தள்ளினால் விஜயந்தா டாங்க் செய்த ஆவடி. சுற்றிலும் நட்டு, போல்ட், கியர், ஸ்பிரிங் என்று கடையும் ஷெட்டுகள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் கட்டிங் ஆயில் வாசனை அடிக்கும். 2000-க்குப் பிறகு அந்த ஷெட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், அதே இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. அப்படி ஒரு கட்டடத்தில்தான் 2006-ல் எனக்கு வேலை கிடைத்தது. அப்பாவின் தொழிற்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

"என்னடா வேலை?" என்றார்.

"ஸ்டோரேஜ் அட்மின்."

"குடோனா?"

சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது சரிதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஃபைல்கள் எல்லாம் ஒரு பெரிய பெட்டியில் இருக்கும். பெட்டி என்றால் ஆள் உயர இரும்பு அலமாரி. உள்ளே வரிசை வரிசையாக ஹார்டு டிஸ்க். நெட்ஆப் வகை. பெட்டி கடல் கடந்து எங்கோ இருக்கும். அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஷிஃப்ட் போட்டு அதைப் பார்த்துக்கொள்வோம். இடம் குறைந்தால் கூட்டுவோம், டிஸ்க் செத்தால் மாற்றச் சொல்வோம், யாராவது ஃபைலைத் தொலைத்தால் எடுத்துக் கொடுப்போம்.

தொலைந்த ஃபைலை எடுப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். கதை அதில்தான் இருக்கிறது. பெட்டி தினமும் குறிப்பிட்ட நேரத்தில் தனக்குள் இருப்பதை ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்துக்கொள்ளும். வீட்டை தினம் ராத்திரி போட்டோ எடுத்து வைக்கிற மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இந்த போட்டோவிலிருந்து சாமானை வெளியே எடுக்கலாம். "புதன்கிழமை இருந்த ஃபைல் வேண்டும்" என்றால் புதன்கிழமை ஸ்னாப்ஷாட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த ஸ்னாப்ஷாட்டை அழித்துவிட்டால் புதன்கிழமையே இல்லை.

பெட்டிக்குள் நுழைய யூசர் பெயர் வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. 'ரூட்'. யூனிக்ஸ் பழகியவர்களுக்குத் தெரியும், ரூட் என்றால் சர்வ வல்லமை; எதையும் உண்டாக்கலாம், எதையும் அழிக்கலாம். அதன் பாஸ்வேர்டு எங்கள் டீமில் ஒன்பது பேருக்கும் தெரியும். புதுசாக யார் வந்தாலும் முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். யாருக்கும் இது தப்பு என்று தோன்றவில்லை. ஒரு பாத்ரூம் சாவியைப் பத்துப் பேர் வைத்திருப்பது மாதிரிதான்.

ஆவடியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். கான்ட்ராக்ட் வேலை. இருபத்திரண்டு வயசு. ராத்திரி ஷிஃப்டை யாரும் விரும்புவதில்லை. அவன் கேட்டு வாங்கிக்கொண்டான், அலவன்ஸுக்காக. தங்கை காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். முதல் வாரத்திலேயே என்னிடம் வந்து, "அண்ணா, எனக்குத் தனியா ஒரு லாகின் போட்டுத் தர்றீங்களா?" என்றான்.

"எதுக்குப்பா? எல்லாரும் ரூட்லதானே போறோம்."

"இல்லைண்ணா, என் பேர்ல இருந்தா நல்லாருக்கும்."

புதுப்பையனுக்குத் தன் பெயரைத் திரையில் பார்க்க ஆசை என்று நினைத்தேன். "அதுக்கெல்லாம் அப்ரூவல் வாங்கணும். இதையே யூஸ் பண்ணு" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் கேட்டது ஒற்றை வரிக் கட்டளை. அடிக்க இருபது விநாடி ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை) ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில் வந்தது. ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்; ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஆளுக்கு அளந்து வைத்த நேரம். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதவில்லை. 1962-ல் ஒருநாள், பாஸ்வேர்டு ஃபைலை அச்சடித்துத் தரும்படி ஒரு கார்டைப் பஞ்ச் அடித்துப் போட்டார். மறுநாள் மொத்தப் பட்டியலும் பேப்பரில் கைக்கு வந்தது. உலகின் முதல் பாஸ்வேர்டு திருட்டு அநேகமாக இதுதான்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. ஷெர் அந்தப் பட்டியலைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார். அதில் ஒருவர் ஜே.சி.ஆர். லிக்லைடர், பின்னாளில் இன்டர்நெட்டுக்கு விதை போட்டவர் என்று பேரெடுத்த பெரிய மனிதர். அவர் ஆராய்ச்சிக் கூடத் தலைவர் ராபர்ட் ஃபானோவின் கணக்குக்குள் நுழைந்து, கிண்டலாகச் செய்திகள் எழுதி வைத்துவிட்டு வந்தாராம். ஆக, அடுத்தவர் கணக்கு கைக்குக் கிடைத்ததும் மனிதன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அடுத்தவர் பெயரில் விளையாடுவது. அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

2007 ஜூலை 2, திங்கட்கிழமை. கஸ்டமரிடமிருந்து ஒரு டிராயிங் தொலைந்துவிட்டது என்று மெயில். போன புதன்கிழமை இருந்ததாம். எடுக்கப் போனால், அந்த வால்யூமில் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பெட்டியில் யார் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கும் ஆடிட் லாக் உண்டு. பார்த்தோம். ஜூலை 1, அதிகாலை 2 மணி 10 நிமிஷம். எல்லா ஸ்னாப்ஷாட்டையும் அழிக்கும் கட்டளை. கொடுத்தவர்: ரூட்.

அன்றிரவு ஷிஃப்டில் இருந்தவன் ஆவடிப் பையன்.

மேனேஜர் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். அவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லவும் இல்லை, நிற்கச் சொல்லவும் இல்லை.

"நைட்ல நீதானே இருந்தே?"

"ஆமா சார். ஆனா நான் செய்யலை சார்."

"அப்ப யாரு, ரூட்டே வந்து செஞ்சுதா?"

யாரோ சிரித்தார்கள். பையன் என்னைப் பார்த்தான். ஒரு விநாடிதான். பாஸ்வேர்டு ஒன்பது பேருக்குத் தெரியும், வீட்டிலிருந்துகூட உள்ளே நுழையலாம், வேறு மிஷின்களிலும் இந்த பாஸ்வேர்டு இருக்கலாம் - இதையெல்லாம் சொல்ல அந்த அறையில் தகுதியான ஆள் நான்தான். எனக்கு அடுத்த மாதம் வெளிநாடு போகும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சொல்லியிருந்தால் ஒன்பது பேரில் நானும் ஒருவன் ஆகியிருப்பேன். மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேக்கு மாதிரி பெயின்ட் அடித்த பிளைவுட் மேஜை. இன்றைக்கும் அதன் ஒவ்வொரு கோடும் ஞாபகம் இருக்கிறது.

கான்ட்ராக்ட் என்பதால் விசாரணை, நோட்டீஸ் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் கேட்டில் அவனுடைய கார்டை வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் கஸ்டமர் சார்பில் ஆடிட் வந்தது. ஆடிட்டர் ஒரு நடுவயது அம்மா. கோயம்புத்தூர்க்காரர். ஃபைல், ஃபோல்டர், ஸ்லைடு என்று நாங்கள் தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, "இந்தப் பொட்டியில யார் யாருக்கு அக்கவுன்ட் இருக்குதுன்னு லிஸ்ட் எடுங்க" என்றார்.

'யூசர்அட்மின் யூசர் லிஸ்ட்' என்று அடித்து என்டர் தட்டினேன். அது வரைக்கும் அந்தக் கட்டளையை நான் அடித்ததே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'இன்ஃபோ' என்று ஒரு வரி வரும், யார் இவர் என்று சொல்ல. வந்தது இரண்டே பெயர். 'ரூட்: டீஃபால்ட் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்.' 'அட்மினிஸ்ட்ரேட்டர்: பில்ட்-இன் அக்கவுன்ட்.' இரண்டுமே தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெட்டியோடு வந்தவை. மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை.

"ஏனுங்க, இந்த ரூட்டுங்கறது யாருங்க?"

"நாங்க எல்லாரும்தான் மேடம்."

"எல்லாரும்னா யாருமில்லைன்னு அர்த்தமுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஜூலையில ஏதோ தப்பு நடந்து ஒருத்தரை எடுத்துட்டதா எழுதியிருக்கீங்களே, அது யாருன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

லாகைத் திறந்து காட்டச் சொன்னார். ஜூலை லாக் பெட்டியில் ஏற்கெனவே சுழற்சியில் அழிந்திருந்தது. நாங்கள் மெயிலில் ஒட்டி வைத்த அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. ஆகஸ்டு, செப்டம்பர் லாக் இருந்தன. அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகக் கீழே இறங்கினார். ஓர் இடத்தில் நின்றார்.

ஆகஸ்டு 1, அதிகாலை 2.10. அதே வால்யூம். அதே கட்டளை. ரூட்.

செப்டம்பர் 1, அதிகாலை 2.10. அதே வால்யூம். அதே கட்டளை. ரூட்.

"போன பையன் மாசாமாசம் ஒண்ணாந் தேதி வந்து அழிச்சுட்டுப் போறானுங்களா?"

அந்த இரண்டு மாதமும் யாரும் ஃபைலைத் தொலைக்கவில்லை. அதனால் ஸ்னாப்ஷாட் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. ஆளை எடுத்தாயிற்று, பிரச்னை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

அப்புறம் அவர் இன்னொன்றும் காட்டினார். லாக் வரியில் 'ரூட்' என்ற பெயருக்குப் பக்கத்திலேயே, எந்த வாசல் வழியாக வந்தார் என்றும் எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் எஸ்.எஸ்.ஹெச். என்ற வாசல் வழியாகத்தான் போவோம். அந்த வரியில் இருந்தது ஆர்.எஸ்.ஹெச்., பழைய காலத்து வாசல். நம்பிக்கையான மிஷின் என்று குறித்து வைத்துவிட்டால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும். ஜூலை மெயிலிலும் அதே மூன்று எழுத்து இருந்தது. ஏழெட்டுப் பேர் படித்தோம். ரூட் என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டோம். ஏனென்றால் ஆள் ஏற்கெனவே கிடைத்திருந்தான்.

தேடினால் அரை நாளில் அகப்பட்டது. எனக்கு முன்னால் வேலை பார்த்து விலகிப் போன ஒருவர், மூலையில் கிடந்த பழைய பேக்கப் சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். ஒரு டெஸ்ட் வால்யூமை மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய. அவர் போய், அந்த வால்யூமும் போய், வெறும் பெயரைத் தேடி அந்த ஸ்கிரிப்ட் மாதாமாதம் வந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. 2007 ஜூனில் புதுசாக ஒரு வால்யூம் வேண்டும் என்றபோது, காலியாகக் கிடந்த அந்தப் பெயரையே வைத்தோம். வைத்தது யார்? லாகில் ரூட் என்றுதான் இருக்கும். ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான்தான்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வால்யூம் பெயர் உட்பட. இரண்டு மாதம் தாமதமான வீரம். பெரிய பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆர்.எஸ்.ஹெச். வாசலை மூடினோம். ஒன்பது பேருக்கும் ஒன்பது கணக்கு போட்டோம். 'இன்ஃபோ' வரியில் முழுப் பெயர், எம்ப்ளாயி நம்பர். கடைசிக் கணக்கைப் போட்டுவிட்டு மறுபடி பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான் அப்பாவின் டூல் ஸ்டோர் சுவர் கண்முன்னால் வந்தது. ஆணிக்கு ஒரு நம்பர். ஒன்பது ஆணி. பத்தாவது இல்லை.

டோக்கனை இதுவரை நான் திருடனைப் பிடிக்கிற சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதி. திருடாதவனைக் காப்பாற்றுகிற சமாசாரமும் அதுதான். அந்தப் பையனுக்குத் தனிக் கணக்கு இருந்திருந்தால், ஜூலை 1 ராத்திரி அவன் என்ன செய்தான் என்பது அவன் பெயரிலேயே எழுதியிருக்கும். ரூட் செய்தது ரூட்டோடு போயிருக்கும். ஆபீஸில் கீழ்ப்படியில் இருக்கிறவனுக்குத்தான் தன் பெயரில் ஒரு பதிவு ரொம்ப அவசியம். மேலே இருப்பவர்களை அவர்கள் வார்த்தையே காப்பாற்றிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஆவடி போனேன். அட்ரஸ் பழைய ரெஸ்யூமில் இருந்தது. அம்மாதான் கதவைத் திறந்தார். "ஆபீஸ்லேர்ந்தா?" என்றவர் முகம் சட்டென்று மாறியது. ஆனாலும் நாற்காலி போட்டார். பையன் வந்தான். ஒரு செல்போன் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். நான் ஸ்கிரிப்ட், வால்யூம், ஆர்.எஸ்.ஹெச். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நான் செய்யலைன்னு எனக்குத் தெரியும்ணா. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அம்மா கொடுத்த டீயைக் குடிக்க முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அலைந்து திரிந்து, அவன் மேல் தவறில்லை என்று குறிப்பிட்டு ஓர் அனுபவச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள், அவன் வரவில்லை.

காலம் மாறிவிட்டது. அந்த ரகப் பெட்டிகள் காலாவதியாகிவிட்டன. அதே நெட்ஆப்பின் இன்றைய பெட்டிகளில் பட்டியல் கேட்க 'செக்யூரிட்டி லாகின் ஷோ' என்று அடிக்க வேண்டும். ஐ.பி.எம்.மில் 'எல்.எஸ்.யூசர்', த்ரீபாரில் 'ஷோயூசர்'. வார்த்தைதான் வேறு, கேள்வி ஒன்றுதான். கிரெடிட் கார்டு சமாசாரங்களுக்கான பி.சி.ஐ. விதிமுறை, ஆளுக்கு ஒரு தனி ஐ.டி. வேண்டும் என்று 2004-லேயே சொல்லிவிட்டது. நம் ஊர் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எங்கள் பெட்டி அன்று வைத்திருந்தது சில வாரங்கள்தான். கட்டிங் ஆயில் வாசனை அடித்த அம்பத்தூரில் இன்று என்.டி.டி. போன்றவர்களின் பிரமாண்டமான டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. கடல் கடந்து இருந்த பெட்டிகள் இப்போது அப்பா வேலை பார்த்த பேட்டைக்கே வந்துவிட்டன.

புது இடத்தில் எந்தப் பெட்டியைக் கையில் கொடுத்தாலும் நான் முதலில் அடிப்பது இந்த ஒரு வரியைத்தான். யார் யார் இருக்கிறார்கள்? விலகிப் போனவர்கள், 'டெம்பரரி - அப்புறம் நீக்கவும்' என்ற குறிப்போடு வருஷக் கணக்கில் இருப்பவர்கள், 'டெஸ்ட்', 'டெஸ்ட்1', 'அட்மின்2' என்று ஆளே இல்லாத பெயர்கள் - எல்லாம் வரும். நான் தேடுவது, இருக்க வேண்டியவர் யாராவது விட்டுப்போயிருக்கிறாரா என்று.

அப்பா ரிடையர் ஆனபோது ஒன்பது டோக்கன்தான் திருப்பிக் கொடுக்க முடிந்தது. ஒன்று தொலைந்திருந்தது. அதற்கான பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்குப் பணம் பெரிசில்லை. "என் நம்பர் எங்கியோ சுத்திக்கிட்டிருக்குடா" என்று பல நாள் புலம்பினார். அம்மாவின் தையல் டப்பாவில் பட்டன்களோடு கிடந்தது ரொம்ப நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதை நான் வைத்திருக்கிறேன்.

அந்தப் பையன் இப்போது ஆவடி மார்க்கெட் பக்கம் சொந்தமாகச் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பையன் என்ன பையன், நாற்பதை நெருங்குகிறவர். கடையில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் என் போனின் திரை உடைந்தபோது அங்கேதான் கொடுத்தேன். ஒரு சின்ன ரசீது எழுதினார். போனின் மாடல், என் பெயர், தேதி. கீழே இரண்டு கட்டம் அச்சடித்திருந்தது. 'வாங்கியவர்', 'பிரித்தவர்'.

முதல் கட்டத்தில் தன் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதினார். அப்புறம் உள்ளே திரும்பி, புதுசாகச் சேர்ந்த பையனிடம் ரசீதை நீட்டினார்.

"நீதானே பிரிக்கப் போறே? உன் பேரை எழுதுப்பா. ஷார்ட்டா வேணாம், முழுசா எழுது."